தொட்டி சொட்டவில்லை, கால்வாயில் மட்டும் எண்ணெய் மினுங்குகிறது

கேள்வி: சிங்கப்பூரின் அங் மோ கியோ தொழிற்பேட்டையில் சிறிய கார் பட்டறை நடத்துகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு கார்களுக்கு ஆயில் மாற்றுகிறோம். வடித்த ஆயிலைக் காற்று பம்ப் வைத்துப் பின்புறத்தில், திறந்த வெளியில் உள்ள 1,000 லிட்டர் இரும்புத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். குழாய் சுமார் 12 மீட்டர் நீளம்; எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. கடைசி ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ். தொட்டியைச் சுற்றி ஓரடி உயரத்துக்குச் செங்கல் சுவர் கட்டியிருக்கிறேன். உள்ளே 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடம் இருக்கிறது. அதில் மூன்று ட்ரம்களும் நிற்கின்றன. மழை பெய்தால் கொசு வந்துவிடும், அபராதம் கட்ட வேண்டியிருக்கும் என்று மைத்துனர் சொன்னதால் சுவரின் அடியில் உள்ள இரண்டு அங்குல வால்வைத் திறந்தே வைத்திருக்கிறோம். இப்போது மழைக்குப் பிறகு பின்புறக் கால்வாயில் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதக்கிறது. தொட்டியைத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. கட்டட நிர்வாகம் இரண்டு வாரம் கெடு கொடுத்திருக்கிறது. தொட்டியை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் அந்த வால்வைப் போய் மூடிவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மூடிவிட்டீர்களா? சரி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தொட்டியை மாற்றும் தேவை இருக்காது. இருபது வருடமாகப் பட்டறைகளிலும் லாரி நிறுத்துமிடங்களிலும் தொட்டி, குழாய், வடிகால் வேலைதான் பார்த்து வருகிறேன். தொட்டித் தகடே ஓட்டையாகி எண்ணெய் போனதைப் பார்த்தது மிகக் குறைவு. தொட்டிக்குப் போகும் வழியில் எங்கோ, அல்லது தொட்டியிலிருந்து எண்ணெய் எடுக்க வரும் லாரிக்குப் போகும் வழியில் எங்கோதான் ஒழுகும். ஆனால் எல்லாரும் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்ப்பார்கள்.

வால்வைப் பற்றி ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு அங்குல வால்வு திறந்திருந்தால், தொட்டியில் உள்ளது முழுவதும் கொட்டினால்கூடப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கால்வாய்க்குப் போய்விடும். நம் ஊரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. கால்வாய் நீர் அப்படியே ஓடுகிறது. இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குச் சேர்கிறது. 2008ல் மரினா அணைக்கட்டு திறந்தபின் நகரின் நடுவே ஓடும் ஆறுகளின் நீரும் குடிநீராகிறது. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் லோங்காங்கை, அதாவது இந்த மழைநீர்க் கால்வாயை, சாக்கடை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இப்போது கால்வாயில் தெரியும் அந்த நிறத்துக்கு வருவோம். அது எண்ணெய்தானா என்று முதலில் பாருங்கள். தேங்கிய நீரில் இரும்புச் சத்தைத் தின்னும் நுண்ணுயிர்களும் இதே மாதிரி பளபளக்கும் படலம் போடும். ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைவதுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது எண்ணெய் இல்லை. குச்சி போன தடம் உடனே மூடிக்கொண்டு, நிறங்கள் சுழன்று மறுபடி சேர்ந்தால் எண்ணெய். வானவில் நிறம் காட்டும் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே தடிமன் இருக்கும். ஆக, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் ஐந்து சதுர மீட்டர் நீரை நிறமாக்கும். நிறத்தைப் பார்த்து நூறு லிட்டர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் வருகிறது என்றால் எங்கோ தினமும் கசிந்து தரையில் காத்திருக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

தினமும் கசிவது எங்கே? எனக்கு முதல் சந்தேகம் அந்த ரப்பர் ஹோஸ் மேல்தான். வெயிலில் கிடந்த ஹோஸ் மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிளிப்புக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். வறண்ட குளத்துத் தரை மாதிரி குறுக்கே வெடிப்புகள் தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. விரலால் தடவினால் கறுப்பு மை ஒட்டும். கிளிப்பின் கீழே ஹோஸ் கொஞ்சம் உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலான பட்டறைகளில் இரும்புக் குழாய் சுவருக்கு வெளியிலேயே முடிந்து, ஹோஸ் சுவரைத் தாண்டி உள்ளே போகும். அதாவது ஒழுகக்கூடிய மூட்டு, எண்ணெயைத் தடுக்கக் கட்டிய சுவருக்கு வெளியே இருக்கும்.

அடுத்தது, வேலை நேரம் முடிந்த பிறகும் கசியும் ஒரு காரணம் இருக்கிறது. இதைப் பலரும் நம்ப மாட்டார்கள். 25 மிமீ குழாய் 12 மீட்டர் நீளம் என்றால் அதற்குள் எப்போதும் ஆறு லிட்டர் எண்ணெய் நிற்கிறது. பம்பில் எண்ணெய் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒரு பக்கம். தொட்டிப் பக்கம் யாரோ ஒரு வால்வை மூடிவைத்தால் எண்ணெய் இரண்டு பக்கமும் அடைபடுகிறது. மத்தியான வெயிலில் குழாய் 20 டிகிரி சூடேறினால் அந்த ஆறு லிட்டர் சுமார் 80 மில்லிலிட்டர் விரிந்துகொள்ளும். விரிய இடம் இல்லை. மரை போட்ட மூட்டுகளில் எது பலவீனமோ அதன் வழியாக வெளியே தள்ளும். ஒரு சின்னத் தேநீர் டம்ளர் அளவு. ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது ஒழுகல் நின்றுவிடும். காலையில் வந்து பார்த்தால் மூட்டின் அடியில் ஒரு கறை மட்டும் இருக்கும். 'பழைய கறை சார்' என்பார்கள். துடைத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒட்டி மறுநாள் பார்த்தால் தெரியும் அது பழையதா புதியதா என்று.

இதற்குத் தீர்வு சுலபம். பம்புக்கும் தொட்டிக்கும் நடுவே தேவையில்லாத வால்வை எடுத்துவிடுங்கள். ஏதோ காரணத்தால் வால்வு வேண்டும் என்றால், அழுத்தம் கூடும்போது எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும் ஒரு சிறிய ரிலீஃப் வால்வு போடச் சொல்லுங்கள்.

காற்று பம்பையும் ஒரு பார்வை பாருங்கள். பட்டறைக் காற்று பொதுவாக 7 பார் அழுத்தத்தில் இருக்கும். இரட்டை டயஃப்ரம் பம்ப் என்றால், வழி அடைபட்டால் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தை எண்ணெய்க்கும் கொடுக்கும். உங்கள் ஹோஸ் அதற்கெல்லாம் செய்ததாக இருக்காது. பம்புக்கு முன்னால் ஒரு ரெகுலேட்டர் மாட்டிக் குறைத்து வையுங்கள். 12 மீட்டர் தள்ள 2, 3 பார் போதும். இன்னொன்று, இந்தப் பம்புக்குத் தொட்டி நிரம்பியது தெரியாது. பையன் பம்பை ஓடவிட்டு அடுத்த காரைத் தூக்கப் போய்விடுவான். உங்கள் கணக்குப்படி நாளுக்கு முப்பத்தைந்து லிட்டர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் தொட்டி நிரம்பும். 90 விழுக்காடு வந்ததும் பம்பின் காற்றைத் தானாக அடைக்கும் மிதவை வால்வு கிடைக்கிறது, மின்சாரம்கூட வேண்டாம். நான் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு பொருளைத்தான் வாங்கித்தர முடியும் என்றால் அதைத்தான் வாங்குவேன்.

குழாய் பழையது என்றால் மாற்றிவிடுவதே நல்லது. தரைக்குள் புதைக்காமல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுவரோடு, கறுப்பு இரும்புக் குழாயில், முடிந்த இடமெல்லாம் வெல்டிங் வைத்துப் போடச் சொல்லுங்கள். மூட்டு குறையக் குறைய உங்களுக்குத் தூக்கம் நன்றாக வரும். கழிப்பறைக்குப் போடும் பிவிசி குழாய் வேண்டாம்; ஒரு ஜாக்கி இடித்தால் போதும், உடைந்துவிடும். பழுப்பு நிறம் பூசி, எண்ணெய் போகும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். கவனம்: எண்ணெய் ஓடிய பழைய குழாயை அது இருக்கும் இடத்திலேயே வெல்டிங் செய்யவோ, கிரைண்டரால் வெட்டவோ யாரையும் விடாதீர்கள். கழற்றி, வடித்து, வெளியே எடுத்துப்போய்ச் சுத்தம் செய்த பிறகுதான் நெருப்பு.

தொட்டிக்குள் குழாய் எப்படி இறங்குகிறது என்பதையும் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் மேற்குப் பக்கத்தில் ஒரு பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். தொட்டி நல்ல நிலையில் இருந்தது, சுவர் உயரமாக இருந்தது, வால்வு பூட்டியிருந்தது. அப்படியும் பட்டறைத் தரை முழுவதும் கறுப்பாகக் கிடந்தது. குழாயின் நுனி தொட்டியின் அடி வரை எண்ணெயில் மூழ்கி இருந்திருக்கிறது. பம்பை ரிப்பேருக்குக் கழற்றியவர்கள் குழாயின் மறுமுனையைத் தரையில் போட்டுவிட்டார்கள். மீன் தொட்டியில் டியூப் வைத்து உறிஞ்சி நீர் எடுப்போமே, அதே வேலைதான். சனிக்கிழமை ராத்திரி முழுவதும் எண்ணெய் தானாகவே சுவருக்கு மேலே ஏறி வெளியே இறங்கியிருக்கிறது. அந்தத் தரையைத் துடைக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. தொட்டிக்குள், எண்ணெய் எட்டாத உயரத்தில் குழாயில் ஒரு சிறு துளை இருந்திருந்தால் காற்று புகுந்து அது நின்றிருக்கும். உங்கள் குழாயில் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குழாய் போடுபவரிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் வால்வை மாட்டச் சொல்லுங்கள். கூடவே தொட்டியின் காற்றுப்போக்கியைக் கழற்றிப் பாருங்கள். குளவி கூடு கட்டி அடைத்திருந்தால், லாரி வேகமாக உறிஞ்சும்போது தொட்டி சப்பிப்போகும்.

லாரி ஹோஸ் மாட்டும் வாய் எங்கே இருக்கிறது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சுவருக்கு வெளியே இருந்தால், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அரை லிட்டராவது சிந்தும். அதைச் சுவருக்கு உள்பக்கம் மாற்றுங்கள். முடியாவிட்டால் அதன் அடியில் மூடி உள்ள ஒரு இரும்புப் பெட்டி வையுங்கள்.

அடுத்து சுவர். நீங்கள் சொன்ன அளவுப்படி கணக்குப் போட்டேன். 2 மீட்டர், 1.5 மீட்டர், உயரம் 0.3 மீட்டர்: 900 லிட்டர். தொட்டியே 1,000 லிட்டர். பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்துக்கொள்ளும் அளவு. உங்களுக்கு 1,100 லிட்டர். இதில் மூன்று ட்ரம்கள் வேறு உள்ளே நிற்கின்றன. ஒவ்வொன்றும் கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடிக்கும், ஆக இன்னும் 240 லிட்டர் குறைந்தது. உங்களிடம் உண்மையில் இருப்பது 660 லிட்டர் பிடிக்கும் சுவர். ட்ரம்களை உள்ளேயே வைக்க வேண்டும் என்றால் சுவர் அரை மீட்டர் உயரம் வேண்டும். ட்ரம்களைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஏந்துதட்டில் தூக்கி வைத்தால் 37 சென்டிமீட்டர் போதும். இரண்டு வரிசைச் செங்கல்தான், ஒரு நாள் வேலை. இங்கே மாசுக் கட்டுப்பாட்டுக்கு எஸ்எஸ் 593 என்ற செயல்முறைக் குறிப்பேடு இருக்கிறது. வேலை எடுப்பவரிடம் அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

செங்கல் சுவர் எண்ணெயைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உட்புறம் சிமெண்டு பூசி, அதன் மேல் எண்ணெய் தாங்கும் எப்பாக்ஸி அடிக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் வெடிப்பு வரும், அங்கே இரண்டு தடவை அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் உள்ளே சுத்தமான நீர் நிரப்பி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் விடுங்கள். வெயிலில் ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகிக் குறைவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் ஓட்டை இருக்கிறது.

இனி மைத்துனர் சொன்ன கொசு. அவர் கவலை நியாயமானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு வாரம் போதும், நம் மழைக்கு இந்தச் சுவர் ஒரு தொட்டிதான். ஒரே மாலையில் 100 மிமீ மழை கொட்டினால் உங்கள் மூன்று சதுர மீட்டரில் 300 லிட்டர் நீர் நிற்கும். எண்ணெய்க்கு வைத்திருந்த இடத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. ஆனால் வால்வைத் திறந்து வைப்பது இதற்கு வழியில்லை. மேலே கூரை போடுங்கள். மழை சாய்வாகத்தான் அடிக்கும், அதனால் சுவரைத் தாண்டி எல்லாப் பக்கமும் வெளியே நீட்டிப் போடுங்கள். கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கூரை வந்துவிட்டால் அந்த வால்வே வேண்டாம். கழற்றி, ஓட்டையை நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்லுங்கள். அதுவரை தினமும் காலையில் பார்த்து, நீர் நின்றால் கைப்பம்பால் ட்ரம்மில் எடுத்து வையுங்கள். அது எண்ணெய் பட்ட நீர். கால்வாயில் ஊற்றாதீர்கள், எண்ணெய் எடுக்கும் லாரியிடமே கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கறை பட்ட தரையைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தள்ளிவிட நினைக்காதீர்கள். சோப்பு எண்ணெயைப் பால் மாதிரி நீரில் கரைத்துவிடும். பட்டறைக்குள் இருக்கும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி, எண்ணெய் மேலே மிதந்தால்தான் வேலை செய்யும். பால் மாதிரி ஆகிவிட்டால் அதன் வழியாக நேரே போய்விடும். கழிவுநீர்க் குழாயில் விடும் நீரில் பெட்ரோலிய எண்ணெய் லிட்டருக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு வாளி சோப்பு நீர் அதை எளிதாகத் தாண்டிவிடும். துணியும் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளை விரிப்புகளும் வைத்துத் துடைத்து, மூடியுள்ள தனி இரும்புக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

அந்த விரிப்புகள், மணல் மூட்டை, கால்வாய் வாயை மூடும் ரப்பர் பாய் எல்லாம் ஒரு பெட்டியில், தொட்டிக்குப் பக்கத்தில், பூட்டில்லாமல் இருக்க வேண்டும். அலுவலக அலமாரியில் பூட்டி வைத்த பெட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். எண்ணெய் கொட்டினால் முதலில் கால்வாய் வாயை மூட வேண்டும், அப்புறம்தான் துடைப்பது. பையன்கள் எப்போதும் தலைகீழாகச் செய்வார்கள். எண்ணெய்க்குப் பின்னால் ஓடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வாளி நீரை ஊற்றி ஒருமுறை செய்து பாருங்கள். உங்களிடம் பங்களாதேஷ் தம்பிகள் வேலை செய்தால் அறிவிப்பை வங்காளத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

தொட்டிக்குள் ஆயிலைத் தவிர வேறு எதையும் விடாதீர்கள். கூலண்ட், பிரேக் சுத்தம் செய்யும் திரவம், பெட்ரோல் எதுவும் கலந்தால் அந்த ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு எடுப்பது கடினம். பெட்ரோல் கலந்தால் அது தீ விபத்துக்கான பொருள். பழைய ஃபில்டர்களை ஓட்டை போட்டு, சூடாக இருக்கும்போதே ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடியுங்கள்.

கட்டட நிர்வாகத்துக்கு இன்றே பதில் எழுதுங்கள். வால்வை மூடிய நேரம், ஹோஸ் மாற்றும் தேதி, சுவர் உயர்த்தும் தேதி, கூரைக்குக் கேட்கும் ஒப்புதல், எல்லாவற்றையும் புகைப்படத்தோடு அனுப்புங்கள். கடைசி எண்ணெய் லாரியின் ஒப்படைப்பு ஆவணத்தையும் இணையுங்கள். பயன்படுத்திய எண்ணெய் 1988ஆம் ஆண்டின் நச்சுத் தொழிற்கழிவு விதிமுறைகளின் கீழ் வருகிறது. தேசியச் சுற்றுப்புற அமைப்பின் உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க முடியும். ஆவணம் எதுவும் இல்லாமல் கையில் காசு கொடுத்து எடுத்துப்போகிறவர் யாராவது உங்களிடம் வருகிறார் என்றால், அடுத்த முறை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். வருகிற சனிக்கிழமை கடை மூடும்போது தொட்டியின் எண்ணெய் மட்டத்தை அளவுகோலில் குறித்து, குழாய் மூட்டுகள் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை காலை எந்தத் தாளில் கறை இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.